வெலிமடையில் குத்தகைக்குச் செய்யும் அரை ஏக்கர் வயலுக்கு உரமானியம் வராதது ஏன்?

காணி உறுதி உங்கள் பெயரில் இல்லாததால் மானியம் இல்லாமற் போவதில்லை. அது வயலைச் செய்கை பண்ணுகிறவருக்கு உரியது. 2024/25 பெரும்போகத்தில் ஹெக்டேயருக்கு 15,000 ரூபாவிலிருந்து 25,000 ரூபாவாக உயர்த்தப்பட்ட தொகையின்படி, அரை ஏக்கருக்கு ஏறக்குறைய 5,000 ரூபா உங்கள் கணக்கில் விழுந்திருக்க வேண்டும்.

பக்கத்து வயற்காரருக்குக் கிடைத்து உங்களுக்குக் கிடைக்கவில்லை என்றால், கமநல சேவை நிலையத்தின் வேளாண்மைக் காணிப் பதிவேட்டில் அந்த வயலுக்கு எதிரே இன்னமும் உரிமையாளரின் பெயர் மட்டுமே இருக்கக்கூடும்.

அடையாள அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு நேரில் சென்று, அந்தப் பதிவைக் காட்டும்படி கேளுங்கள். உங்கள் பெயர் இருந்தால், எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். தோட்டத்தில் பிறந்த நம்மவர்களின் பெயர் சிங்களத்தில் ஒரு விதமாகவும் வங்கிப் புத்தகத்தில் வேறு விதமாகவும் இருப்பது வழக்கம். என் தகப்பனாரின் முதலெழுத்து மாறியிருந்ததால் ஒரு போகப் பணம் முழுவதும் திரும்பிப் போய்விட்டது, அந்த முறை யூரியாவைக் கடனுக்குத்தான் வாங்கினோம்.

பெயரே இல்லையென்றால், உரிமையாளரிடம் முதலில் பேசுங்கள். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் குத்தகைச் செய்கையாளருக்குப் பாதுகாப்பு அளிப்பதால், பதிவுக்குச் சம்மதிக்கப் பலர் தயங்குவார்கள். வாய்ப்பேச்சுக் குத்தகையானால், கமக்காரர் அமைப்பின் உறுதிப்படுத்தல் கடிதத்தையும் கையில் வைத்திருங்கள்.