கிளஸ்டரை முழுவதுமாக நிறுத்தி, மறுபடி எழுப்புவது எப்படி?

கேள்வி: எங்கள் அலுவலகச் செயலி மூன்று டாம்கேட் (ஜாவா செயலிகளை இயக்கும் மென்பொருள்) சர்வர்களிலும், அதன் டேட்டாபேஸ் மரியாடிபி கலேரா கிளஸ்டராக, அதாவது ஒரே தரவை வைத்துக்கொண்டு ஒன்றாக இயங்கும் தொகுப்பாக, வேறு மூன்று சர்வர்களிலும் இயங்குகிறது. முன்னால், பயனர் கோரிக்கைகளைப் பகிர்ந்தனுப்பும் இரண்டு எச்ஏபிராக்ஸி சர்வர்கள், கீப்அலைவ்டு என்ற மென்பொருள் தரும் ஒரே மெய்நிகர் ஐபியுடன் (ஒன்று விழுந்தால் மற்றதற்கு மாறும் முகவரி) இருக்கின்றன. யுபிஎஸ் பேட்டரி மாற்றுவதற்காக ஒரு ஞாயிறன்று எல்லாவற்றையும் முறைப்படி ஷட்டவுன் செய்தோம். மாலையில் எல்லாவற்றையும் ஒன்றாக ஆன் செய்தபோது மூன்று டேட்டாபேஸ் சர்வர்களில் ஒன்றுகூட எழவில்லை. ஒரு சர்வர் போனாலும் தாங்கும் என்று அமைத்த கிளஸ்டர், முறைப்படி நிறுத்தியதற்கா இப்படி நடந்துகொள்ளும்? எந்த வரிசையில் நிறுத்தி, எந்த வரிசையில் தொடங்க வேண்டும்?

பதில்: முறைப்படி நிறுத்தியதால்தான் அப்படி நடந்தது. இது முரணாகத் தோன்றினாலும், கலேராவின் போக்கைப் பார்த்தால் காரணம் விளங்கிவிடும்.

ஒரு சர்வர் கிளஸ்டரை விட்டு இரண்டு விதமாக வெளியேறலாம்: சொல்லிக்கொண்டு போகலாம், சொல்லாமல் போகலாம். சேவையை முறைப்படி நிறுத்தினால், அந்தச் சர்வர் மற்றவற்றுக்குத் தகவல் சொல்லிவிட்டுப் போகிறது. மீதமுள்ளவை உறுப்பினர் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டு வேலையைத் தொடர்கின்றன. மூன்று இரண்டாகும், இரண்டு ஒன்றாகும். கடைசியாக நிற்கும் ஒற்றைச் சர்வரும் முழு உரிமையுடன் இயங்கும். மின்சாரம் போய் அல்லது நெட்வொர்க் அறுந்து ஒரு சர்வர் சொல்லாமல் மறைந்தால், எஞ்சியவை தாம் பெரும்பான்மைதானா என்று கணக்குப் பார்க்கின்றன. மூன்றில் ஒன்று மறைந்தால் மீதி இரண்டும் பெரும்பான்மை. ஒரே நேரத்தில் இரண்டு மறைந்தால், எஞ்சிய ஒன்று தன்னை நம்பாமல் கேள்விகளுக்குப் பதில் தர மறுத்துவிடும். மறுபுறம் அந்த இரண்டும் உயிரோடு இருந்து வேறு கணக்கு எழுதிக்கொண்டிருக்கலாம் அல்லவா?

இப்போது உங்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். மூன்றும் சொல்லிக்கொண்டு போய்விட்டதால், அங்கே கிளஸ்டர் என்று ஒன்று மிச்சமில்லை. மாலையில் சாதாரணக் கட்டளையால் எழுந்த ஒவ்வொரு சர்வரும் ஏற்கெனவே இயங்கும் கிளஸ்டரில் சேரத்தான் முயன்றது. அப்படி ஒன்று எங்கும் இல்லாததால், காத்திருந்து காலக்கெடு முடிந்ததும் மூன்றும் நின்றுவிட்டன. வேடிக்கை என்னவென்றால், மின்சாரம் திடீரெனப் போய் மூன்றும் ஒன்றாக விழுந்திருந்தால், அவை தாமாகவே மீண்டிருக்க வாய்ப்பு உண்டு. கடைசியாக யார் யார் உறுப்பினராக இருந்தார்கள் என்பதைக் கலேரா வட்டில் ஒரு கோப்பில் எழுதி வைக்கிறது. அதிலிருந்த அனைவரும் திரும்பி வந்து ஒருவரையொருவர் கண்டுகொண்டால் கிளஸ்டர் மறுபடி உருவாகிவிடும். முறைப்படி நிறுத்தும்போது அந்தக் கோப்பு அழிக்கப்படுகிறது. இதைக் கேட்டுவிட்டு யாரும் அடுத்த முறை பிளக்கைப் பிடுங்க வேண்டாம்; தரவுக் கோப்புகளுக்கு அது நல்லதல்ல.

ஆகவே விதி எளிது: கடைசியாக நின்ற சர்வரை முதலில் எழுப்ப வேண்டும், அதையும் புதிய கிளஸ்டரைத் தொடங்கும் தனிக் கட்டளையால் எழுப்ப வேண்டும். மரியாடிபியில் அதன் பெயர் கலேரா நியூ கிளஸ்டர். எது கடைசியாக நின்றது என்பது நினைவில்லை என்றால், தரவுக் கோப்புறையில் உள்ள ஜிராஸ்டேட் என்ற சிறிய கோப்பைத் திறந்து பாருங்கள். அதில் நீங்கள் பார்க்க வேண்டியவை இரண்டு வரிகள். சீக்னோ என்ற வரி, அந்தச் சர்வர் எத்தனையாவது பரிவர்த்தனை (டேட்டாபேஸில் நடந்த மாற்றம்) வரை பெற்றிருக்கிறது என்பதைச் சொல்லும். சேஃப் டு பூட்ஸ்ட்ராப் என்ற வரியில் 1 இருந்தால் அந்தச் சர்வரை முதலில் தொடங்கலாம். 0 இருந்தால் கூடாது. சீக்னோவில் -1 என்று கண்டால், அந்தச் சர்வர் முறைப்படி நிற்கவில்லை என்று பொருள். மூன்றிலும் -1 இருந்தால், மீட்பு முறையில் ஒருமுறை இயக்கி ஒவ்வொன்றின் உண்மையான எண்ணையும் கண்டறிந்து, பெரிய எண் உள்ள சர்வரில் மட்டும் 0-வை 1 ஆக மாற்றித் தொடங்க வேண்டும். அவசரத்தில் கைக்கு எட்டிய சர்வரில் 1 என்று எழுதிவிடுபவர்கள், அதைவிட முன்னே சென்றிருந்த சர்வரின் கடைசிப் பரிவர்த்தனைகளைத் தாமே தூக்கி எறிகிறார்கள்.

முதல் சர்வர் எழுந்ததும், மற்ற இரண்டையும் சாதாரணக் கட்டளையால் ஒவ்வொன்றாகச் சேருங்கள். உறுப்பினர் எண்ணிக்கை ஒன்று கூடியதையும், புதிதாகச் சேர்ந்தது ‘சிங்க்டு’ (தரவு ஒத்துப்போன) என்ற நிலையை அடைந்ததையும் பார்த்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். தவறிப்போய் இரண்டு சர்வர்களில் புதிய கிளஸ்டர் கட்டளையைக் கொடுத்தால், இரண்டு தனித்தனிக் கிளஸ்டர்கள் பிறந்து இரண்டும் எழுத்தை, அதாவது தரவு மாற்றங்களை, ஏற்கத் தொடங்கும். அதைப் பிறகு ஒன்றாக்குவது கைவேலைதான். இதே ஆபத்து வேறு வழியிலும் வரும். சிலர் முதல் சர்வரை எழுப்புவதற்காக அமைப்புக் கோப்பில் உறுப்பினர் முகவரிப் பட்டியலைக் காலியாக்குவார்கள், பின்பு நிரப்ப மறந்துவிடுவார்கள். ஆறு மாதம் கழித்து அந்தச் சர்வர் ரீபூட் ஆகும்போது தனிக் குடித்தனம் தொடங்கிவிடும். அந்த வரியை இன்றே சரிபார்த்துவிடுங்கள்.

இனி நிறுத்தும் வரிசை. பயனரிடமிருந்து தரவை நோக்கி, வெளியிலிருந்து உள்ளே செல்ல வேண்டும். முதலில், அந்த நேரத்தில் ஓடக்கூடிய கிரான் வேலைகளையும் (நேரம் குறித்துத் தானாக ஓடுபவை) பேக்கப்பையும் நிறுத்தி வையுங்கள். அடுத்து, எச்ஏபிராக்ஸியில் டாம்கேட் சர்வர்களை ஒவ்வொன்றாக ‘டிரெயின்’ நிலைக்கு மாற்றுங்கள். இந்த நிலையில் புதிய பயனர்கள் அந்தச் சர்வருக்கு அனுப்பப்பட மாட்டார்கள். குக்கி மூலம் அதனுடன் பிணைக்கப்பட்டவர்கள் மட்டும் தங்கள் வேலையை முடித்துக்கொள்ளலாம். ‘மெயின்ட்’ நிலை அப்படியல்ல. புதிய கோரிக்கை எதையும் அது விடாது. இணைப்புகள் வடிந்ததும் டாம்கேட்டை நிறுத்துங்கள். நிறுத்தியதாகச் செய்தி வந்தாலும், ஜாவா பிராசஸ் உண்மையில் போய்விட்டதா என்று பட்டியலில் பாருங்கள். செயலி தொடங்கிய பின்னணித் த்ரெட் (பின்னால் ஓடும் வேலை) ஒன்று முடியாமல் நின்றால், ஜாவாவை இயக்கும் ஜேவிஎம் சாகாது. லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி இயல்பாக 90 வினாடி பொறுத்துவிட்டு அதைக் கொன்றுவிடும். பாதியில் நின்ற வேலைகள் பெரும்பாலும் இங்கேதான் உருவாகின்றன.

அதன்பின் டேட்டாபேஸ். கலேராவில் மூன்றிலும் எழுதலாம் என்றாலும், அட்டவணையின் ஒரே வரிசையை (ரோ) இரண்டு இடங்களில் மாற்றும் பரிவர்த்தனைகள் மோதித் தோல்வியடையும் என்பதால், எழுத்துகளை ஒரே சர்வருக்கு அனுப்பி மற்றவற்றை மாற்று ஏற்பாடாக வைப்பதையே நான் பரிந்துரைப்பேன். அப்படி வைத்திருந்தால், எழுத்தை ஏற்கும் அந்தச் சர்வரையே கடைசியாக நிறுத்துங்கள். ஒன்றை நிறுத்தி, அது முழுவதும் நின்றதை உறுதி செய்து, மற்றவற்றில் எண்ணிக்கை 2 என்றும் பிறகு 1 என்றும் குறைவதைப் பாருங்கள். மூன்றுக்கும் ஒரே நேரத்தில் கட்டளை அனுப்பும் ஸ்கிரிப்ட் இருந்தால் அதை ஒதுக்கிவிடுங்கள். கடைசியில் எச்ஏபிராக்ஸி: பராமரிப்பு அறிவிப்புப் பக்கத்தை அது காட்டிக்கொண்டிருக்கலாம் என்பதால், அதைக் கடைசிவரை வைத்திருப்பது வசதி. மெய்நிகர் ஐபி இல்லாத சர்வரை முதலில் நிறுத்துங்கள். இல்லையென்றால் ஐபி வீணாக இடம் மாறும்.

தொடங்கும்போது இதே வரிசை தலைகீழாகும்: நெட்வொர்க்கும் நேர ஒத்திசைவும், டேட்டாபேஸ் மூன்றும், டாம்கேட், பிறகே பயனர்களுக்குக் கதவு திறப்பது. டேட்டாபேஸுக்கு முன்பாக டாம்கேட் எழுந்துவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்லியாக வேண்டும். தொடங்கும் நேரத்திலேயே டேட்டாபேஸைத் தேடும் செயலியானால், அதன் துவக்கம் தோற்றுப்போகும். ஆனால் டாம்கேட் மட்டும் உயிரோடு நின்று, கேட்பவர்களுக்கெல்லாம் 404 (பக்கம் இல்லை) சொல்லிக்கொண்டிருக்கும். எச்ஏபிராக்ஸி போர்ட் திறந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தால், அந்தச் சர்வரைப் பச்சையாகவே காட்டும். எனவே நலச் சோதனை, செயலிக்குள் உள்ள ஒரு பக்கத்தைக் கேட்டு, 200 (சரி) என்ற பதிலை எதிர்பார்க்க வேண்டும். அந்தப் பக்கம் டேட்டாபேஸையும் தொட வேண்டுமா என்பதில் இரு கருத்துகள் உண்டு. தொட்டால், டேட்டாபேஸ் ஒரு கணம் திணறும்போது மூன்று டாம்கேட்டும் ஒன்றாக வெளியேற்றப்படும். செயலி எழுந்ததா என்பதைச் சோதித்தாலே போதும், டேட்டாபேஸைத் தனியாகக் கண்காணிக்கலாம் என்பது என் கருத்து.

அமைப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும், இரண்டு விஷயங்களைப் பார்த்துவிடுங்கள். மூன்று டேட்டாபேஸ் சர்வர்களும் மெய்நிகர் இயந்திரங்களாக ஒரே ஹோஸ்டில் (ஒரே உண்மையான கணினியில்) இருந்தால், அது பெயரளவுக்கு மட்டுமே கிளஸ்டர். டாம்கேட்டில் செஷன் நகலெடுப்பை (பயனரின் லாகின் நிலையை மற்றச் சர்வர்களுக்கும் நகலெடுப்பதை) நம்பியிருந்தால், செயலியின் வெப் எக்ஸ்எம்எல் கோப்பில் ‘டிஸ்ட்ரிபியூட்டபிள்’ என்ற குறி இருக்க வேண்டும். செஷனில் வைக்கும் பொருள்கள் அனைத்தும் சீரியலைஸ் செய்யக்கூடியவையாகவும் (நெட்வொர்க்கில் அனுப்பும் வடிவுக்கு மாற்றக்கூடியவையாகவும்) இருக்க வேண்டும். உறுப்பினர்களைக் கண்டறிய டாம்கேட் இயல்பாக மல்டிகாஸ்ட் (ஒரே செய்தியைப் பல சர்வர்களுக்கு அனுப்பும் முறை) முகவரி 228.0.0.4, போர்ட் 45564 ஆகியவற்றைப் பயன்படுத்துகிறது. மல்டிகாஸ்ட் அனுமதிக்காத நெட்வொர்க்கில் டாம்கேட்கள் ஒன்றையொன்று காணாமலே தனித்தனியாக ஓடும். ஒரு சர்வரை நிறுத்தும் நாளில், அதிலிருந்த பயனர்கள் எல்லாரும் மறுபடி லாகின் செய்ய நேரும்போதுதான் அது வெளியே தெரியும்.

அடுத்த பராமரிப்பு நாளில், மின்சாரம் திரும்பியதும் மரியாடிபி தானாகத் தொடங்காதவாறு மூன்று சர்வர்களிலும் முந்தைய நாளே மாற்றி வையுங்கள். வேலை முடிந்ததும் பழையபடி ஆக்கிவிடுங்கள், ஏனெனில் சாதாரண நாளில் ஒற்றைச் சர்வர் ரீபூட் ஆனால் அது தானாகவே கிளஸ்டரில் சேர வேண்டும். கடைசியாக நிறுத்திய சர்வரின் பெயரையும், அதன் ஜிராஸ்டேட் கோப்பில் கண்ட எண்ணையும் ஒரு தாளில் எழுதி ரேக் கதவில் ஒட்டுங்கள். விக்கி பக்கத்தில் எழுதி வைத்தால், அந்த விக்கியும் இதே கிளஸ்டரில்தான் ஓடிக்கொண்டிருக்கும்.