அப்பர் லிப் (மேல் உதட்டு முடி எடுப்பது) பற்றி பார்லர் வாடிக்கையாளரிடம் எப்படிச் சொல்வது?

"உங்களுக்கு மீசை முடி இருக்கு, எடுத்துடலாமா?" என்று நீங்க கேட்டதும் புருவம் திருத்த வந்தவங்க முகம் வாடிடுச்சுன்னு சொன்னீங்க. இனி நீங்களாக அப்படி ஆரம்பிக்காதீங்க. புருவம் முடிந்ததும் "வேற ஏதாவது செய்யணுமா மேடம்?" என்று வருகிற எல்லோரிடமும் ஒரே மாதிரி கேளுங்க. வேணும்னா அவங்களே சொல்வாங்க.

அன்றைக்கு அவங்க முகம் வாடியது பெரும்பாலும் பக்கத்து நாற்காலிக்கும் கேட்டதால்தான். பாவம், யாருக்கும் கூசும்.

அவங்களே அப்பர் லிப் கேட்டால், வாக்ஸைத் தொடும் முன் ஒன்று கட்டாயம் கேளுங்க: முகத்துக்கு ரெட்டினால் க்ரீம் பூசுறாங்களா, பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை எடுக்கிறாங்களா? ஆம் என்றால் வாக்ஸே வேண்டாம். முடியோடு தோலும் உரிந்து வரலாம். மாத்திரையை நிறுத்தியிருந்தாலும் 6 மாதம் பொறுக்கணும்.

தாடையில் திடீரென்று தடித்த முடி வருது என்று அவங்களே சொன்னால், டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்க. ஹார்மோன் காரணமாக இருக்கலாம். ஆனால் பிசிஓஎஸ் (சினைப்பை சார்ந்த ஹார்மோன் கோளாறு) என்று நீங்க முடிவு கட்டாதீங்க.