குதிரைமசால் என்று பெயர் வைத்தது சும்மா இல்லை

லாயத்திலிருந்து: வாசகர் கேள்வி-பதில்

(பதில் சொல்பவர், ராணுவத்தின் குதிரைப் பிரிவில் 22 ஆண்டுகள் லாடம் கட்டியவர். இப்போது பொள்ளாச்சிப் பக்கம் ஏழு குதிரைகளோடு சவாரி கற்றுக்கொடுக்கிறார்.)

கேள்வி: போன ஆடியில் அந்தியூர் சந்தையில் நாலு வயதுக் கத்தியவார் இனப் பெட்டைக் குதிரை ஒன்று வாங்கினோம். சுழி எல்லாம் பார்த்துத்தான் வாங்கினோம். வீட்டில் மாடு இருப்பதால் கோ-4 புல்லுக்குக் குறைவில்லை. கூடவே தவிடும் கொள்ளும் வைக்கிறோம். நாலு மாதமாக ஒருநாள் முன்னங்கால், ஒருநாள் பின்னங்கால் என்று மாற்றி மாற்றி நொண்டுகிறது. லாடம் மாற்றியும் சரியாகவில்லை. இப்போது கண்ணுக்குக் கீழே முகம் இரண்டு பக்கமும் புடைத்த மாதிரி இருக்கிறது. - ஒரு வாசகர், கவுந்தப்பாடி

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நொண்டல் காலுக்குக் கால் மாறுகிறது, முகமும் இரு பக்கம் புடைக்கிறது என்றால் லாடக்காரனான நானே குளம்பை விட்டுவிட்டுப் புல்லுக்கட்டைத்தான் முதலில் பார்ப்பேன்.

கோ-4 கம்பும் நேப்பியரும் சேர்ந்த ஒட்டுப்புல். மாட்டுக்கு அருமையான தீனி. ஆனால் நேப்பியர் வகைப் புல்லில் ஆக்சலேட் என்ற ஒரு பொருள் இருக்கிறது. அது சுண்ணாம்புச் சத்தை, அதாவது கால்சியத்தை, பிடித்துக்கொண்டால் விடாது. மாட்டின் முதல் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டை உடைத்துவிடும். குதிரைக்கு அசைபோடும் வயிறு கிடையாது. அதனால் தின்ற சுண்ணாம்புச் சத்து ரத்தத்தில் சேராமல் சாணியோடு போய்விடும். ரத்தத்தில் சுண்ணாம்பு குறைந்தால் உடம்பு சும்மா இருக்காது, எலும்பிலிருந்து எடுக்கும். எடுத்த இடத்தில் நார் மாதிரி ஒரு சதை வளரும். முகத்தில் நீங்கள் பார்க்கும் புடைப்பு அதுதான். கால் மூட்டுகளிலும் அதே வேலை நடப்பதால்தான் நொண்டல் இடம் மாறுகிறது. இதற்குமேல் தவிடு. தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், சுண்ணாம்பு குறைவு. புல் ஒரு பக்கம் பறிக்க, தவிடு இன்னொரு பக்கம் இழுக்கிறது. இங்கிலீஷில் இதைப் 'பெரிய தலை நோய்' என்றே சொல்வார்கள்.

நான் எழுத்தில் சொல்வது சந்தேகம்தான். ஒரு கால்நடை மருத்துவர் நேரில் பார்த்து உறுதி செய்ய வேண்டும். அதுவரை அந்தப் பெட்டையின் மேல் யாரும் ஏறக்கூடாது. எலும்பு பலமில்லாமல் இருக்கும்போது சவாரி செய்தால் கால் ஒடிந்து போகலாம். கோ-4ஐயும் தவிட்டையும் நிறுத்துங்கள். ஆனால் ஒரே நாளில் தீனியை மாற்றினால் வயிற்றுவலி வரும். ஏழிலிருந்து பத்து நாள் எடுத்துப் பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டுங்கள். அறுகம்புல்லோ நல்ல காய்ந்த புல்லோ அடித்தீனியாக இருக்கட்டும். அதில் கொஞ்சம் குதிரைமசால் சேருங்கள். நம் ஆட்கள் அந்தச் செடிக்குக் குதிரையின் பெயரை வைத்தது சும்மா இல்லை. சுண்ணாம்புச் சத்து நிறைந்த தீனி அது. சுண்ணாம்பு மருந்து எவ்வளவு என்பதை மருத்துவர் சொல்லட்டும். தேற மாதக்கணக்காகும். நொண்டல் போன பிறகும் முகப் புடைப்பு கொஞ்சம் மிஞ்சலாம். அதைப் பார்த்து மனம் விட வேண்டாம்.

350 கிலோ குதிரைக்கு ஒரு நாளைக்கு ஏழு கிலோ காய்ந்த புல் கணக்கு. அதைப் பகல் முழுதும் கொறிக்கிற மாதிரிப் பிரித்து வையுங்கள். கொள்ளை ஊறவைத்து வேகவைத்து ஒரு கிலோவுக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். உங்கள் பகுதியில் கோழிப்பண்ணைகள் உண்டு என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். மிச்சமான கோழித்தீவனத்தைக் குதிரைக்கு ஒரு கைப்பிடிகூட வைக்காதீர்கள். கோழிக்கு ரத்தக்கழிச்சல் வராமல் இருக்க அதில் மோனென்சின் மாதிரி மருந்து கலப்பார்கள். கோழிக்கு ஒத்துப்போகிற அளவு குதிரையின் இதயத்தைக் கெடுத்துக் கொன்றுவிடும்.

இன்னொன்று. அடுத்த தடவை சந்தைக்குப் போனால் சுழி பார்க்கும் நேரத்தில் பாதியைக் குளம்புக்கும் பல்லுக்கும் கொடுங்கள். நாலு காலையும் தூக்கிப் பார்க்க விடாத குதிரையை நான் வாங்க மாட்டேன்.

கேள்வி: ஓடி வியர்த்த குதிரை மேல் தண்ணீர் ஊற்றினால் சுளுக்கிக்கொள்ளும், உடனே குடிக்கவும் விடக்கூடாது என்கிறார்கள். உண்மையா? - ஒரு வாசகர், தாராபுரம்

பதில்: நானும் இருபது வயதில் அப்படித்தான் கற்றேன். தப்பு. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கின்போது அந்த ஊர் வெயிலை நினைத்துப் பயந்து இதை நன்றாக ஆராய்ந்தார்கள். குளிர்ந்த தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றுவதுதான் சூட்டை வேகமாக இறக்கும் என்று தெரிந்தது. நிறுத்தாமல் ஊற்றுங்கள், கொஞ்சம் நடக்க விடுங்கள், மறுபடி ஊற்றுங்கள். தண்ணீரும் குடிக்கட்டும். குதிரை வியர்வையில் உப்பு நிறையப் போய்விடும், தீனியில் ஒரு கைப்பிடி கல்லுப்பு போடுங்கள். சித்திரை வெயிலில் மற்றக் குதிரைகள் நனைந்து நிற்கும்போது ஒன்று மட்டும் காய்ந்த உடம்போடு வேகமாக மூச்சு வாங்கினால் அதற்கு வியர்வை நின்றுவிட்டது என்று அர்த்தம். அதை உடனே நிழலுக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் ஊற்றி, மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: ஹாங்சோ ஆசியப் போட்டியில் நம் நாடு குதிரையேற்றத்தில் தங்கம் வாங்கியதைப் பார்த்ததிலிருந்து என் ஒன்பது வயது மகள் சவாரி கற்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது. எதைப் பார்த்துப் பள்ளியைத் தேர்ந்தெடுப்பது? - ஒரு தாய், சிங்காநல்லூர்

பதில்: அம்மா, உங்கள் பயம் நல்ல பயம். அதை மகளிடம் மறைக்க வேண்டாம்.

2023 செப்டம்பர் 26 அன்று அனுஷ் அகர்வாலா, ஹ்ரிதய் விபுல் சேடா, திவ்யகிருதி சிங், சுதிப்தி ஹஜேலா நாலு பேரும் டிரெசாஜ் (சவாரிக்காரர் சொல்கிறபடி குதிரை அழகாக அடிவைத்துக் காட்டும் போட்டி) குழுப் பிரிவில் தங்கம் வென்றார்கள். குதிரையேற்றத்தில் 1982 டெல்லிக்குப் பிறகு 41 வருடம் கழித்து நமக்குக் கிடைத்த தங்கம் அது. அன்று லாயத்தில் வேலை ஓடவில்லை, எல்லோரும் ஒரே செல்போனைச் சுற்றி நின்றோம். ஆணும் பெண்ணும் ஒரே போட்டியில் சமமாக மோதும் விளையாட்டு இது என்பதை உங்கள் மகளுக்குச் சொல்லுங்கள்.

பள்ளிக்கு முன்கூட்டிச் சொல்லாமல் காலை ஆறரைக்குப் போங்கள். சவாரியைப் பார்க்காதீர்கள், அதற்கு முன்னால் நடப்பதைப் பாருங்கள். பிள்ளையை ஏற்றுவதற்கு முன் யாராவது நாலு குளம்பையும் சுத்தம் செய்கிறார்களா? சேணத்தின் வயிற்றுப் பட்டையை இறுக்கிவிட்டு, பத்தடி நடத்திவிட்டு, திரும்ப ஒருமுறை இறுக்கிப் பார்க்கிறார்களா? கட்டும்போது குதிரை வயிற்றை உப்பிக்கொள்ளும். அப்புறம் மூச்சை விட்டதும் பட்டை தளர்ந்துவிடும். பிள்ளை ஏறும் நேரத்தில் சேணம் ஒரு பக்கம் சரிந்துபோவது இதனால்தான்.

குதிரையைச் சுவர் வளையத்தில் நேராகக் கட்டாமல் ஒரு சணல் கயிற்று வளையத்தில், இழுத்தால் அவிழும் முடிச்சாகக் கட்டியிருந்தால் அது நல்ல லாயம். மிரண்டு இழுத்தால் சணல் அறுந்துபோகும், கழுத்து தப்பிக்கும்.

தலைக்கவசம் குதிரைச் சவாரிக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். பைக் ஹெல்மெட்டும் கிரிக்கெட் ஹெல்மெட்டும் வேண்டாம். உள்ளே ஏ.எஸ்.டி.எம். எஃப்1163 அல்லது பி.ஏ.எஸ். 015 என்று பாதுகாப்புத் தர முத்திரை இருக்கும். ஒரு தடவை பலமாக விழுந்து தலை இடித்தால், வெளியே கீறல் இல்லாவிட்டாலும் அதை மாற்றிவிடுங்கள். காலுக்குச் சின்னக் குதிகால் வைத்த ஷூ. விளையாட்டு ஷூ, சேணத்தில் கால் வைக்கும் அங்கவடிக்குள் முழுசாக நுழைந்துகொள்ளும். விழும்போது கால் அங்கவடியில் மாட்டி இழுபடுவதுதான் இந்த விளையாட்டில் நான் அதிகம் பயப்படும் விபத்து.

உங்கள் மகளுக்கு முதல் பாடமாக நான் சொல்லிக்கொடுப்பது இதுதான்: குதிரைக்கு மூக்குக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் கண் தெரியாது. பேசிக்கொண்டே தோள்பக்கமாக வா. கயிற்றைக் கையில் சுற்றாதே, மடித்துப் பிடி. என் இடது கை மோதிர விரல் ஒரு கணு குட்டையாக இருப்பதைப் பிள்ளைகளிடம் காட்டித்தான் அந்தப் பாடத்தை நடத்துகிறேன்.

கேள்வி: மெரினாவில் குதிரை ஓட்டிப் பிழைக்கிறேன். போன மாதம் ராத்திரி குதிரை படுத்துப் புரண்டது. கஷாயம் ஊற்றினோம். விடியற்காலை செத்துப்போச்சு. முன்னாடியே தெரிஞ்சிருக்குமா? - திருவல்லிக்கேணியிலிருந்து

பதில்: தம்பி, சோறு போட்ட உயிர் போனால் வீட்டில் ஒரு ஆள் போன மாதிரிதான். உங்கள் ஆறுதலுக்காக 'தெரிந்திருக்காது' என்று சொல்ல எனக்கு ஆசை. ஆனால் உங்களிடம் இன்னொரு குதிரை இருக்கும், அதனால் உள்ளதைச் சொல்கிறேன். பெரும்பாலும் தெரியும்.

குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. வயிற்றுக்குள் போனது கெட்டால் வெளியே வர ஒரே வழிதான். அதனால் வயிற்றுவலி அதற்கு எப்போதுமே சின்ன விஷயம் இல்லை. புரள்வதற்கு முன்னாடியே அது சொல்லும். முன்னங்காலால் தரையைச் சுரண்டும். திரும்பித் திரும்பித் தன் விலாவையே பார்க்கும். மேலுதட்டைச் சுருட்டும். தீனியை விட்டு நகரும். சாணி குறையும். அப்போதே காதை அதன் வயிற்றோரம் வைத்துக் கேளுங்கள். நல்ல குதிரையின் குடல் தூரத்து இடி மாதிரி உருண்டுகொண்டே இருக்கும். சத்தமே இல்லை என்றால் ஆபத்து. தாடை எலும்புக்கு அடியில் விரல் வைத்தால் நாடி கிடைக்கும். சும்மா நிற்கும்போது நிமிடத்துக்கு 28லிருந்து 44 வரை சரி. 60ஐத் தாண்டினால் நடுராத்திரி என்று பார்க்காமல் மருத்துவரை எழுப்புங்கள். ஈறை விரலால் அழுத்தி எடுங்கள், இரண்டு விநாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும்.

கஷாயம் இனி வேண்டவே வேண்டாம். வலியில் இருக்கும் குதிரைக்குப் புட்டியால் ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போகும்.

இதை நான் புத்தகத்திலிருந்து எழுதவில்லை. ராணுவத்தை விட்டு வந்த புதிதில் ஒரு தனியார் பண்ணையில் லாடம் கட்டப் போயிருந்தேன். அங்கே ஒரு செவலைப் பெட்டை, ஒன்பது வயது. ராத்திரி ஒன்பது மணிக்குத் தரையைச் சுரண்டியது. பண்ணைக்காரர் வலி ஊசி வைத்திருந்தார், நான்தான் போட்டேன். அரை மணியில் அமைதியாக நின்றது. அதைத் தட்டிக்கொடுத்துவிட்டு, காலையில் மருத்துவருக்குச் சொல்லலாம் என்று படுத்துவிட்டேன். மூன்று மணிக்குக் கதவை உதைக்கிற சத்தம். லாந்தர் வெளிச்சத்தில் பார்த்தால் உடம்பெல்லாம் வேர்வை, மூக்கு விரிந்து, என்னைப் பார்த்து ஒரு அடி எடுத்துவைத்தது. குடல் முறுக்கிக்கொண்டிருந்தது. ஊசி வலியை மறைத்ததே தவிர முறுக்கை அவிழ்க்கவில்லை. ஆறு மணி நேரத்தை நான் தூங்கிக் கழித்தேன்.

உங்கள் தொழிலில் இன்னொரு ஆபத்தும் உண்டு. கடற்கரையில் தீனியைத் தரையில் போட்டால் மணலும் சேர்ந்து வயிற்றுக்குள் போகும், போய்க் குடலின் அடியில் தங்கும். ஐந்தாறு உருண்டை புதுச் சாணியை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீரோடு போட்டுக் கலக்கி அரை மணி விடுங்கள். அடியில் மணல் படிந்தால் அதை வேப்பேரி கால்நடை மருத்துவமனையில் காட்டுங்கள். இனி தீனியைத் தொட்டியில் வையுங்கள், கீழே ஒரு ரப்பர் பாய் போடுங்கள். வெயில் நாளில் ஒரு குதிரை 40 லிட்டருக்கு மேல் தண்ணீர் கேட்கும். மணலில் நிற்கும் நேரத்திலும் ஒரு வாளி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

கேள்வி: குதிரையை அடித்து ஓட்டும் விளையாட்டை எப்படி நீங்கள் ஆதரிக்கிறீர்கள்? - ஒரு கல்லூரி மாணவி, மதுரை

பதில்: அடிப்பதை ஆதரிக்கவில்லை அம்மா. 2021ல் டோக்கியோ ஒலிம்பிக்கில், குதிரைச் சவாரியும் சேர்ந்து ஐந்து விளையாட்டுகள் கொண்ட நவீன ஐந்திறன் போட்டியில் நடந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அப்போது அந்தப் போட்டியில் யாருக்கு எந்தக் குதிரை என்பதைக் குலுக்கல்தான் முடிவு செய்தது, பழக 20 நிமிடம்தான் கொடுத்தார்கள். செயின்ட் பாய் என்ற குதிரை ஏற்கெனவே ஒரு சுற்றில் தாண்ட மறுத்திருந்தது. அடுத்து அதன்மேல் ஏறிய ஜெர்மன் வீராங்கனை அழுதுகொண்டே விரட்டினார். பயிற்சியாளர் அதைக் கையால் குத்தினார். அவரை வெளியேற்றினார்கள். பாரிஸ் 2024க்குப் பிறகு அந்தப் போட்டியிலிருந்து குதிரையையே எடுத்துவிட்டார்கள். அந்த முடிவு எனக்குச் சம்மதம். முன்பின் தெரியாத குதிரையை 20 நிமிடத்தில் யாராலும் புரிந்துகொள்ள முடியாது.

ஒலிம்பிக்கில் டிரெசாஜில் மூன்று தங்கம் வாங்கிய பிரிட்டிஷ் வீராங்கனை சார்லட் டுஜார்டினும், பயிற்சியில் குதிரையின் காலில் சாட்டையால் அடித்த வீடியோ வெளிவந்ததும் பாரிஸிலிருந்து விலகினார், ஒரு வருடத் தடை பெற்றார். தண்டிக்கிறார்கள் என்பது எனக்குத் தெம்பு. ஆனால் கேமரா இல்லாத லாயங்கள்தான் அதிகம். என் லாயத்தில் சாட்டை உண்டு. அதைத் தோளுக்கு மேல் ஓங்கிய பிள்ளை அன்றைக்குச் சவாரி செய்யாது, சாணி அள்ளும். எங்கள் ஊர்ப்பக்கம் வந்தால் சொல்லுங்கள், நீங்களும் ஒருநாள் லாயத்துக்கு வந்து பாருங்கள்.

கேள்வி: லாடம் அடிக்கும்போது ஆணி குதிரைக்கு வலிக்காதா தாத்தா? - ஏழாம் வகுப்பு மாணவி, தேனி

பதில்: உன் நகத்தின் நுனியை வெட்டும்போது வலிக்கிறதா கண்ணு? குளம்பின் வெளிச்சுவரும் அப்படித்தான், உணர்ச்சி கிடையாது. மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வளரும். அதனால்தான் ஆறு வாரத்துக்கு ஒருமுறை லாடத்தைக் கழற்றி, சீவி, திரும்பக் கட்டுகிறோம். அடியில் பார்த்தால் வெளிச்சுவருக்கு உள்பக்கமாக வெள்ளையாக ஒரு கோடு ஓடும். ஆணி அந்தக் கோட்டுக்கு உள்ளே போகக்கூடாது. உள்ளே போனால் வலிக்கும், சீழ் பிடிக்கும், மறுநாள் தொட்டால் குளம்பு சுடும். ஆணியை வெளிப்பக்கமாக வளைந்து வருகிற மாதிரிச் செய்திருப்பார்கள். லாடத்துக்கு மேலே இரண்டு விரல் உயரத்தில் நுனி எட்டிப் பார்க்கும். அதை முறுக்கி ஒடித்து மடக்கிவிடுவோம்.

உங்கள் ஊரில் யாராவது லாடம் கட்டினால் குதிரையின் தோள்பக்கம் தள்ளி நின்று கேள். சுவருக்குள் சரியாகப் போகிற ஆணி ஒவ்வொரு அடிக்கும் கணீர் என்று சொல்லும். சத்தம் திடீரென்று மொத்தென்று மாறினால், கட்டுகிறவர் சுத்தியலை நிறுத்திவிட்டு ஆணியை உருவ வேண்டும். உருவுகிறாரா என்று பார்த்து எனக்கு எழுது.