உறுதிப்பூசுதல்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

எங்கள் கத்தோலிக்கப் பங்கில் பல வருடமாக உறுதிப்பூசுதல் வகுப்பு எடுப்பவன் நான். திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெற்றவருக்குத் தைலம் பூசித் தூய ஆவியின் வரத்தைத் தரும் திருச்சடங்கு அது. சாமியார் அல்ல.

கேள்வி: அப்பாவே ஞானத்தந்தையாக (சடங்கில் பிள்ளைக்குத் துணையாக) நிற்கலாமா?

பெற்றோர் நிற்க முடியாது. 16 வயது நிரம்பிய, உறுதிப்பூசுதல் பெற்ற, ஒழுங்காக வாழ்கிற கத்தோலிக்கர் வேண்டும். திருமுழுக்குக்கு நின்றவரே நின்றால் இன்னும் நல்லது.

கேள்வி: ஆயர் கன்னத்தில் அறைவார் என்று பாட்டி பயமுறுத்துகிறார்.

பாட்டி பொய் சொல்லவில்லை. கிறிஸ்துவுக்காக அடிபடவும் தயாராக இரு என்று அந்தக் காலத்தில் லேசாகத் தட்டுவார்கள். திருத்தந்தை (போப்) ஆறாம் பவுல் காலத்தில், 1971-இல் வந்த புதிய சடங்குமுறையில் அது இல்லை. இப்போது ஆயர் கைகளை நீட்டிச் செபித்து, கிறிஸ்மா தைலத்தால் நெற்றியில் சிலுவை வரைவார். ஒலிவ எண்ணெயில் பரிமளத் தைலம் கலந்தது அது. பூசியதும் துடைக்கக் கைக்குட்டையோடு பாயாதீர்கள், அம்மாக்களே!

கேள்வி: புதுநன்மை (முதன்முறை நற்கருணை அப்பம் வாங்குவது) முதலில், இது அப்புறம். முறை தலைகீழாக இல்லையா?

தலைகீழ்தான். திருமுழுக்கு, உறுதிப்பூசுதல், நற்கருணை என்பதே பழைய வரிசை. 1910-இல் திருத்தந்தை பத்தாம் பயஸ் ஏழு வயதை ஒட்டியே நற்கருணை கொடுக்கச் சொன்னார். உறுதிப்பூசுதல் பல இடங்களில் பின்தங்கிவிட்டது. கேரளத்தின் கீழை வழிபாட்டுமுறைக் கத்தோலிக்கரான சீரோ மலபார் வீடுகளில் கைக்குழந்தைக்குத் திருமுழுக்கோடு சேர்த்துக் குருவே பூசிவிடுகிறார்.

குறுக்கே ஒருவர்: கைக்குழந்தைக்கு என்ன புரியும்?

திருமுழுக்கில் மட்டும் என்ன புரிந்தது? திருத்தூதர் பணிகள் 8-ஐப் பாருங்கள். சமாரியர் ஏற்கெனவே திருமுழுக்குப் பெற்றவர்கள். பேதுருவும் யோவானும் வந்து கைவைத்த பிறகே தூய ஆவியைப் பெற்றார்கள். நாம் வாங்கிக்கொள்கிறவர்கள். ‘பிள்ளை வளர்ந்து தானே விசுவாசத்தை உறுதி செய்கிற நாள்’ என்று மேடையில் பேசும்போது எனக்குக் கோபம் வரும். உறுதிப்படுத்துவது பிள்ளையா, ஆவியா?

அவரே: அப்படியானால் உங்கள் வகுப்பு எதற்கு?

சரியான அடி. வரம் அவருடையது, கையை விரிப்பது நம் வேலை, அதற்குத்தான் வகுப்பு. அதை முடித்தால் கோவில் பக்கமே வரவேண்டாம் என்று பிள்ளைகள் நினைப்பதில் என் தவறும் உண்டு.

கேள்வி: கல்யாண ஓலை (கோவிலில் வாசிக்கும் திருமண அறிவிப்பு) எழுதப் போனால் உறுதிப்பூசுதல் எங்கே என்கிறார்கள். நான் பெறவில்லை.

பெரிய சிரமம் இல்லாவிட்டால் திருமணத்துக்கு முன்பே பெற வேண்டும். பெறாததால் மட்டும் திருமணம் செல்லாமல் போகாது. பங்குத்தந்தையிடம் பேசுங்கள்.

கேள்வி: சான்றிதழ் தொலைந்துவிட்டது, மறுபடி பூசிக்கொள்ளலாமா?

கூடவே கூடாது. வாழ்நாளில் ஒரே முறை. திருமுழுக்குப் பெற்ற பங்கின் பதிவேட்டில் இருக்கும், போய்க் கேளுங்கள்.

கேள்வி: அம்மா ஞானத்தாயாக நிற்கலாமா?

முதல் கேள்வி.

கேள்வி: பெந்தெகொஸ்தே சபைக்குப் போகும் சித்தப்பா?

‘கத்தோலிக்கர்’ என்று மேலே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: பெரியம்மா?

அப்பாடா, நிற்கலாம்! அவர் கைக்குட்டையை மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.