அந்தத் தாளை நிரப்பியது யார்?

கேள்வி: என் மகளுக்கு 19 வயது. கல்லூரி கபடி அணியில் ரைடர். ரைடு போய்த் திரும்பும்போது இடது முழங்காலில் ஜவ்வு கிழிந்துவிட்டது. நகையை அடகு வைத்து ஆபரேஷன் செய்தோம். ஆறரை மாதம் ஆகிறது. ஜவ்வு நன்றாகப் பிடித்திருப்பதாக டாக்டர் சொல்கிறார். வீக்கம் இல்லை, ஓடுகிறாள். போன வாரம் பிசியோதெரபிஸ்ட் ஒரு கேள்வித்தாள் கொடுத்தார். அவள் பேனாவைப் பிடித்தபடி யோசித்துக்கொண்டே இருந்ததால் நானே நிரப்பிக் கொடுத்துவிட்டேன். அடுத்த மாதம் பல்கலைக்கழக அணிக்கு செலக்ஷன். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு வேலை கிடைத்தால் குடும்பமே நிமிர்ந்துவிடும். மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகத் ஆபரேஷன் முடிந்து ஓராண்டுக்குள் ஒலிம்பிக் போகவில்லையா? ஜவ்வு மறுபடி கிழியுமா, கிழியாதா என்று முன்கூட்டியே சொல்ல ஏதாவது டெஸ்ட் இருக்கிறதா?
- ஒரு தந்தை, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: அப்படிப்பட்ட டெஸ்ட்களில் ஒன்று போன வாரம் உங்கள் மகள் கைக்கே வந்தது. அதை வாங்கி நீங்கள் எழுதிக் கொடுத்துவிட்டீர்கள்.

உங்கள் கடிதத்தில் டாக்டர் சொன்னது, வீக்கம், ஓட்டம் எல்லாவற்றையும் படித்தேன். என்னால் தாண்டிப் போக முடியாத வரி அது ஒன்றுதான். ஏதோ ரேஷன் கடைப் படிவத்தை நிரப்பியதுபோலப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். பிசியோ கொடுத்தது அநேகமாக ஏசிஎல்-ஆர்எஸ்ஐ என்ற 12 கேள்வித் தாளாக இருக்கும்; ஜவ்வு ஆபரேஷனுக்குப் பிறகு களத்துக்குத் திரும்ப மனசு தயாரா என்று பார்ப்பது. விளையாடினால் மறுபடி அடிபடும் என்று பயமாக இருக்கிறதா? முழங்காலைப் பற்றிய கவலையில்லாமல் ஆட முடியும் என்று நம்புகிறாயா? திரும்பவும் ஆபரேஷன், திரும்பவும் பயிற்சி என்ற நினைப்பு உன்னைத் தடுக்கிறதா? இப்படித்தான் அதில் கேட்பார்கள். இதற்கெல்லாம் உங்களுக்கு எப்படி ஐயா பதில் தெரிந்தது? அவளைக் கேட்டு எழுதினீர்களா, அல்லது அடுத்த மாதத் தேர்வை மனதில் வைத்து எழுதினீர்களா?

அவள் யோசித்துக்கொண்டே இருந்தாள் என்கிறீர்கள். அந்த யோசனைதான் அவளுடைய பதில். ஆபரேஷனுக்காக எந்த நகை அடகுக்குப் போனது என்று அவளுக்குத் தெரியும். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது "பயமாக இருக்கிறது" என்று எந்தப் பெண் எழுதுவாள்? இதை வெறும் மனப் பிரச்சினை என்று ஒதுக்காதீர்கள். பயத்தோடு களத்துக்குத் திரும்பிய இளம் வயதினருக்கு இரண்டு வருடத்துக்குள் மறுபடி ஜவ்வு கிழிவது அதிகம் என்று ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். உள்ளே பயம் இருந்தால் காலை ஊன்றுவது மாறும், திரும்புவதில் ஒரு கண நேரம் பிந்தும். கபடியில் அந்த ஒரு கணத்தில்தான் கணுக்காலைப் பிடிப்பார்கள். பாதம் தரையில் ஊன்றி நிற்க, உடம்பு மட்டும் நடுக்கோட்டை நோக்கித் திரும்பும். முதல் தடவையும் ஏறக்குறைய இப்படித்தானே கிழிந்திருக்கும்?

மற்ற டெஸ்ட்களும் உண்டு. தொடையின் முன்தசைக்கு எவ்வளவு பலம் என்று மெஷினில் அளப்பார்கள். ஒற்றைக் காலில் தாவச் சொல்லித் தூரம் பார்ப்பார்கள். அடிபட்ட கால், நல்ல காலின் பலத்தில் 90 சதவீதமாவது எட்ட வேண்டும். அதிலும் ஒரு ஏமாற்றம் இருக்கிறது. ஆறு மாதம் ஓய்ந்திருந்ததில் நல்ல காலும் மெலிந்திருக்கும், அதோடு ஒப்பிட்டு 90 வாங்குவது பெரிய காரியமில்லை. இவற்றில் எதுவுமே கிழியாது என்று உத்தரவாதம் தராது, எல்லாவற்றிலும் தேறியவர்களுக்கும் கிழிந்திருக்கிறது. ஆனால் 2016ல் வெளிவந்த டெலவேர்-ஆஸ்லோ ஆய்வில், தேறாமலே விளையாடப் போனவர்களில் 38 சதவீதம் பேருக்கு அந்த முழங்காலில் மறுபடி காயம். தேறியவர்களில் 6 சதவீதத்துக்கும் குறைவு. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: ஒன்பது மாதம் வரை, திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் காயம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

நீங்கள் கேட்பது ஏழரை மாதத்துக்கு. என் பதில் கூடாது என்பதுதான். ஓடுகிறாள் என்பதை வைத்து முடிவு எடுக்காதீர்கள். நேராக ஓடுவது வேறு, நான்கு பேர் மேலே விழும்போது திரும்புவது வேறு. ஜவ்வு பிடித்திருப்பதாக டாக்டர் சொன்னது உண்மையாகவே இருக்கட்டும். புது ஜவ்வு உள்ளே முழுசாக முதிர ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம்.

வினேஷைச் சொன்னீர்கள். 2016ல் ரியோ ஒலிம்பிக்கில் ஒரு முழங்காலில் காயம். 2023 ஆகஸ்டில் இன்னொரு முழங்காலில் ஆபரேஷன். அடுத்த ஆகஸ்டில் பாரிஸில் இறுதிச் சுற்றுக்குத் தகுதி பெற்றார், பெரிய சாதனைதான். அப்போது அவருக்கு 29 வயது. உங்கள் பெண்ணுக்கு 19. வயது குறைந்தவர்களுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். 25 வயதுக்குள் விளையாட்டுக்குத் திரும்புகிறவர்களில் நாலில் ஒருவருக்கு, ஆபரேஷன் செய்த காலிலோ நல்ல காலிலோ, மறுபடி கிழிகிறது. அடகு வைக்க வீட்டில் இன்னும் நகை இருக்கிறதா?

இதே கடிதம் எனக்குப் பல ஊர்களிலிருந்து வந்திருக்கிறது. கால்பந்து, கோ-கோ, வாலிபால் என்று ஆட்டம்தான் மாறும். எழுதுவது எப்போதும் அப்பாதான். அடிபட்ட பிள்ளை ஒருமுறைகூட எழுதியதில்லை. பெற்றவர்களுக்குப் பிள்ளைகள் செய்ய வேண்டிய கடமை உண்டு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவள் நாளைக்கு உங்களைத் தாங்கத்தான் வேண்டும். ஆனால் குடும்பம் நிமிர்வதை ஒரு 19 வயதுப் பெண்ணின் முழங்காலில் ஏற்றி வைப்பது தகப்பன் செய்கிற காரியமில்லை. கடனை அடைப்பது உங்கள் வேலை, அவள் அம்மாவின் வேலை. கடிதத்தில் அந்த அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. மகள் ராத்திரியில் என்ன சொல்கிறாள் என்று அவரிடம் கேட்டீர்களா?

நாளைக்கே பிசியோவிடம் போங்கள். "அந்தத் தாளை நான்தான் நிரப்பினேன்" என்று மகளை வைத்துக்கொண்டே சொல்லுங்கள். அவர் அதை நம்பித்தான் இப்போது பயிற்சியைக் கூட்டிக்கொண்டிருப்பார். புதுத் தாள் கேட்டு வாங்கி அவள் கையில் கொடுங்கள். பலமும் தாவலும் அளக்க எந்த வாரம் என்று அவரே தேதி சொல்லட்டும். பல்கலைக்கழகத் தேர்வு அடுத்த வருடமும் வரும்.

அவள் எழுதும்போது நீங்கள் அந்த அறையில் இருக்க வேண்டாம். வெளியே பெஞ்சில் உட்காருங்கள். அவள் எவ்வளவு நேரம் எடுத்தாலும் கதவைத் தட்டாதீர்கள்.