விரல் போன பையனுக்கு முத்திரைத்தாளில் எழுதி முடித்துவிடலாமா?

கேள்வி: கோவை கணபதியில் பிரஸ் பட்டறை நடத்துகிறேன். ஆட்கள் எட்டுப் பேர். என் சம்சாரத்துக்கு ஒன்றுவிட்ட அண்ணன் முறையாகும் ஒருவருடைய மகன் பத்தாவது முடித்துவிட்டுச் சும்மா இருந்தான். அரசாங்க அப்ரண்டிஸ் திட்டத்தில் சேர்த்தால் உதவித்தொகையில் ஒரு பங்கை அரசே தரும் என்று ஒரு கன்சல்டன்ட் சொன்னதை நம்பி 2025 மார்ச்சில் எடுத்துக்கொண்டேன். மாதம் 8,000 ரூபாய் கையில் கொடுத்தேன். மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். ஜூன் மாதம் பவர் பிரஸ்ஸில் வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. செல்போனைப் பார்த்துக்கொண்டே பெடலை மிதித்திருக்கிறான். அப்போது அவனுக்கு வயது 17, எட்டு மாதம். ஆஸ்பத்திரிச் செலவு 1,60,000 ரூபாயை நானே கட்டினேன். அவன் அப்பா கையில் 50,000 கொடுத்தேன். இப்போது அவர் 10 லட்சம் கேட்கிறார். போர்ட்டலில் ஒப்பந்தம் இன்னும் நிலுவை என்றுதான் காட்டுகிறது. மார்ச் தேதி போட்டு முடித்துத் தருகிறேன் என்கிறார் கன்சல்டன்ட். ஊர்ப் பெரியவர்களை வைத்து 3 லட்சத்துக்கு முத்திரைத்தாளில் எழுதி முடித்துவிடலாமா? அரசுத் திட்டம்தானே, அரசுக்குப் பொறுப்பு இல்லையா?

பதில்: சாப்பாடு போட்டது, சொந்தக்காரப் பையன் என்பது, அவன் அப்பா நன்றி மறந்தது எல்லாம் படித்தேன். ஒன்றுமே வழக்குக்கு உதவாது. செல்போனும் உதவாது. குடித்திருந்தான், பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறினான், கை உள்ளே போகாமல் தடுக்கும் பாதுகாப்பு மறைப்பான கார்டை அவனே கழற்றினான் என்று நிரூபித்தால்தான் முதலாளி தப்ப முடியும். கவனக்குறைவு அந்தப் பட்டியலில் இல்லை. கார்டு போட்டால் பீஸ் எண்ணிக்கை குறைகிறது என்று நீங்கள்தான் கழற்றி வைத்தீர்கள் என்பதைக் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

அரசுக்கும் இதில் பொறுப்பு இல்லை. தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் மத்திய அரசு தருவது உதவித்தொகையில் கால் பங்கு, மாதம் அதிகபட்சம் 1,500 ரூபாய். 2023 முதல் அதுவும் பையனின் வங்கிக் கணக்குக்கே நேராகப் போகிறது. காயத்துக்கான பொறுப்பைத் தொழிற்பழகுநர் சட்டம், 1961இன் 16ஆவது பிரிவு முதலாளி தலையில்தான் வைக்கிறது, 1923ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டப்படி. 2025 நவம்பர் 21 முதல் புதிய சட்டத் தொகுப்புகள் வந்துவிட்டனவே என்பீர்கள். உங்கள் விபத்து ஜூனில் நடந்தது. பழைய சட்டம்தான்.

ஆகவே பணம் கொடுக்க வேண்டுமா என்ற கேள்வியே இல்லை. யாரிடம், எந்த வழியாகக் கொடுக்கிறீர்கள் என்பது மட்டும்தான் விஷயம்.

முதலில் தொகை. ஒரு கையில் இரண்டு விரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 20 சதவீதம் இழப்பு என்று சட்டத்தின் அட்டவணையே சொல்கிறது. 8,000 ரூபாயில் 60 சதவீதம் 4,800. 17 வயதுக்குச் சட்டம் தரும் பெருக்கல் எண் 227.49. பெருக்கினால் 10,91,952. அதில் 20 சதவீதம் 2,18,390 ரூபாய். பையனின் அப்பா கேட்கும் 10 லட்சம் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரியும். முழுமையாக முடங்கிப்போனவருக்கான தொகையை யாரோ அரைகுறையாக அவர் காதில் போட்டிருக்கிறார்கள்.

ஆனால் 2,18,390தான் உச்சம் என்று நினைக்காதீர்கள். பையன் அப்ரண்டிஸ் என்றால் உதவித்தொகையே சம்பளமாகக் கணக்காகும். அப்ரண்டிஸ் இல்லை, வேலைக்காரன் என்றால் 8,000 என்பதே குறைந்த கூலி என்று எதிர்த்தரப்பு வாதாடும். சம்பளக் கணக்கின் உச்சவரம்பு 2020 ஜனவரி முதல் 15,000 ரூபாய். அதை வைத்துப் போட்டால் 4,09,482 வரும். ஒப்பந்தத்துக்கு உள்ள மதிப்பு இவ்வளவுதான், உங்களிடமோ அது இல்லை. 18 வயது ஆகாதவனுக்குப் பதிலாகக் காப்பாளர் ஒப்பந்தம் செய்திருக்க வேண்டும். கையெழுத்தாகிப் பதிவு மட்டும் விடுபட்டிருந்தால் பரவாயில்லை. அவன் அப்ரண்டிஸ்தான் என்று உத்தரப் பிரதேச மின்வாரிய வழக்கில் 2004இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இங்கே கையெழுத்தே இல்லையே.

அதற்காகக் கன்சல்டன்ட் சொல்கிறபடி மார்ச் தேதி போடப் போகாதீர்கள். யார் எந்தத் தேதியில் ஏற்றார்கள் என்பது போர்ட்டலில் பதிவாகிவிடும். விபத்துக்குப் பிறகு பிறந்த ஒப்பந்தத்தோடு என் அறைக்கு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் குறைக்கப் பார்த்தது ஒன்றிரண்டு லட்சம். இழுத்துக்கொண்டது போலி ஆவண வழக்கு. இழப்பீட்டு வழக்கில் சிறைத்தண்டனை கிடையாது, அதில் உண்டு. கன்சல்டன்ட் அன்றைக்குப் போனை எடுக்க மாட்டார்.

இனி முத்திரைத்தாள். இதில்தான் நல்ல முதலாளிகள் மாட்டிக்கொள்கிறார்கள். கெட்டவன் கொடுக்கவே மாட்டான், அவனுக்கு இந்தப் பிரச்சினை இல்லை.

வக்கீலான என்னிடம் ஒரு கட்சிக்காரர் வந்தார். கட்டிங் மெஷினில் கை அடிபட்ட ஒரு பெண்ணுக்காக அவள் வீட்டுக்காரரிடம் பணம் எண்ணிக் கொடுத்ததை வீடியோ எடுத்து வைத்திருந்தார். நோட்டரி முத்திரை, இரண்டு சாட்சி, கவுன்சிலர் கையெழுத்து எல்லாம் இருந்தன. வேறொரு வக்கீல் வழியாக அந்தப் பெண் மனுப் போட்டபோது, இந்த வழக்குகளை விசாரிக்கும் இழப்பீட்டு ஆணையர் அந்தத் தாளைத் திருப்பிப் பின்பக்கம்கூடப் பார்த்துவிட்டு, ‘டெபாசிட் ரசீது எங்கே?’ என்று மட்டும் கேட்டார். பெண்ணுக்கோ 18 வயது ஆகாதவருக்கோ மொத்தமாகத் தரும் இழப்பீட்டை ஆணையரிடம்தான் கட்ட வேண்டும், இழப்பீட்டுச் சட்டத்தின் 8ஆவது பிரிவு. கையில் கொடுத்தது கொடுத்ததாகவே ஆகாது. நீங்கள் ஆஸ்பத்திரி வராந்தாவில் பையனின் அப்பாவிடம் கொடுத்த 50,000ம் அப்படிப்பட்டதுதான். அன்று அவனுக்கு 18 ஆகவில்லை. அதை மறந்துவிடுங்கள். 1,60,000 ஆஸ்பத்திரிச் செலவையும் கழிக்க முடியாது. சிகிச்சைச் செலவு முதலாளியின் தனிக் கடமை.

இப்போது அவனுக்கு 18 முடிந்துவிட்டதே, கையில் கொடுக்கலாமே என்றால், அதற்கும் ஒரு பூட்டு இருக்கிறது. மொத்தத் தொகை பேசி முடித்தால் அந்த உடன்பாட்டின் குறிப்பாணையை ஆணையருக்கு அனுப்பிப் பதிவு செய்ய வேண்டும், 28ஆவது பிரிவு. அனுப்பாவிட்டால் 29ஆவது பிரிவு வரும். முழு இழப்பீட்டையும் திரும்பக் கட்ட வேண்டும். ஏற்கெனவே கொடுத்ததில் பாதிக்கு மேல் கழிக்க முடியாது, ஆணையர் மனம் வைத்தால் ஒழிய. உங்கள் 3 லட்சத்தில் ஒன்றரை லட்சம்தான் தேறும். சிறிய கணக்கில் பார்த்தாலும் மறுபடி 68,390 கட்ட வேண்டும். பெரிய கணக்கில் 2,59,482. இரண்டுக்கும் மேலே 12 சதவீத வட்டி. விபத்து நடந்து ஒரு மாதத்துக்குள் தகுந்த காரணமில்லாமல் கட்டாமல் விட்டதற்கு 50 சதவீதம் வரை அபராதம் வேறு. மனுப் போட அவனுக்கு 2027 ஜூன் வரை நேரம் இருக்கிறது. ‘இனி எந்த வழக்கும் போட மாட்டேன்’ என்ற வரிக்கு அந்த முத்திரைத்தாளில் எந்த மதிப்பும் இல்லை. சட்டப்படியான உரிமையை எழுதிக்கொடுத்து விட முடியாது. போலீஸையும் அது கட்டுப்படுத்தாது.

இன்னொன்று. எட்டுப் பேர் என்கிறீர்கள். எண்ணிக்கை சரிதானா? கணக்கெழுத வரும் பெண், கான்ட்ராக்டில் பாலிஷ் போட வருபவர்கள், ஆர்டர் நெருக்கும்போது ராத்திரிக்கு மட்டும் கூப்பிடும் இரண்டு பேர், இவர்களையும் சேர்த்தீர்களா? பத்தைத் தொட்டிருந்தால் நீங்கள் ஈஎஸ்ஐ என்ற தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்குள் வந்துவிடுகிறீர்கள். சரியான ஒப்பந்தம் இல்லாத அப்ரண்டிஸும் அங்கே ஊழியர்தான். அப்போது இழப்பீட்டுச் சட்டத்தின் கீழ் அவன் உங்களிடம் கேட்கவே முடியாது. ஈஎஸ்ஐ அவனுக்குக் கொடுத்துவிட்டு, கட்டாத சந்தாவோடு உங்களைத் தேடி வரும். சிலருக்கு அது இலேசான வழி, சிலருக்குப் பழைய வருஷங்களின் கணக்கெல்லாம் கிளறப்படும். சம்பளப் பதிவேட்டோடு ஒரு வக்கீலிடம் உட்கார்ந்து இதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். விபத்துக்குப் பிறகு பின்தேதியில் ஈஎஸ்ஐ பதிவு செய்வதும் மார்ச் தேதி ஒப்பந்தத்தின் அண்ணன்தான்.

எட்டு பேர்தான் என்று உறுதியானால், வழக்கு வேண்டாம், முடித்துக்கொள்ளுங்கள். நீங்கள் மனதில் வைத்திருக்கும் 3 லட்சம் மோசமான தொகை இல்லை. 2,18,390க்கும் 4,09,482க்கும் நடுவில் நிற்கிறது. அதைச் சொல்லுங்கள், கொஞ்சம் ஏறினாலும் ஏறுங்கள். ஆனால் பணத்தை எடுத்துக்கொண்டு ஊர்ப் பெரியவர் வீட்டுக்குப் போகாதீர்கள். கோவையில் பணியாளர் இழப்பீட்டு ஆணையராக இருக்கும் தொழிலாளர் துறை அதிகாரியிடம் உடன்பாட்டைத் தாக்கல் செய்து, அங்கேயே கட்டி, ரசீது வாங்குங்கள். தொகை குறைவாகப் பட்டால் பதிவு செய்ய மறுக்க அவருக்கு அதிகாரம் உண்டு. கஞ்சத்தனம் பார்க்க வேண்டாம் என்பது அதனால்தான். பணியாளர் இழப்பீட்டு பாலிசி ஏதும் எடுத்திருந்தால், தொகை பேசுவதற்கு முன்பே காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தகவல் கொடுங்கள். அவர்களைக் கேட்காமல் ஒப்புக்கொண்ட தொகையை அவர்கள் தர மாட்டார்கள்.

அப்புறம், இத்தனை நாளாகப் பையனின் அப்பாவோடுதான் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். பையனுக்கு அக்டோபரிலேயே 18 முடிந்துவிட்டது. மார்ச்சில் வாங்க வேண்டிய அவருடைய கையெழுத்தை வாங்காமல் விட்டீர்கள். இப்போது அது கிடைத்தும் பயனில்லை, உட்கார வைத்துப் பேச வேண்டியது பையனோடு.