நடுவில் சும்மா இருக்கும் பசை

வணக்கம்,

அலுமினியத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து எபாக்சியால் ஒட்டி இழுத்துச் சோதிக்கிறேன். ஒட்டு நீளத்தை 12.5 மி.மீ.யிலிருந்து 25 மி.மீ. ஆக்கினால் இரண்டு மடங்கு தாங்கும் என்று நினைத்தேன். தாங்கவில்லை. நீளத்தைக் கூட்டுவதே வீணா? அதிர்வில் எத்தனை காலம் நிற்கும் என்று எதை வைத்துச் சொல்வது?

க.

அன்புள்ள க.,

உங்கள் சோதனை சரி, கணக்குதான் தவறு. விசையைப் பரப்பளவால் வகுத்தால் சராசரிதான் வரும். பசை அறுவது சராசரியால் அல்ல. இழுக்கும்போது தகடும் நீள்வதால் ஷியர் தகைவு (தகடுகளை எதிரெதிராக வழுக்கவைக்கும் இழுப்பு) ஒட்டின் இரு முனைகளிலும் குவிகிறது. வோல்கர்சன் என்ற ஆய்வாளர் 1938-இலேயே இதைக் கணக்காக எழுதிவிட்டார். போதாததற்கு, தகடுகள் ஒரே கோட்டில் இல்லாததால் இணைப்பு வளைந்து, முனையில் பசை உரியப் பார்க்கிறது. ஷியரைத் தாங்கும் பசை உரிப்பைத் தாங்காது. தகட்டு முனைகளைச் சரிவாகச் சீவிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

ஆனால் நீளம் வீண் என்று மட்டும் முடிவு கட்டிவிடாதீர்கள். நீண்ட ஒட்டில் நடுப்பசை ஏறக்குறைய சும்மா இருக்கிறதே, ஆயுள் அதில்தான் இருக்கிறது. முனைப்பசை சுமையில் மெல்ல இழுபட்டாலும், சுமை விலகியதும் நடுப்பகுதி அதைப் பழைய இடத்துக்குத் திருப்பிவிடும். குட்டை ஒட்டில் திருப்ப ஆளில்லை. சுமை ஏறி இறங்கும் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக நழுவிக்கொண்டே போகும். 2006-இல் அமெரிக்காவின் பாஸ்டன் சுரங்கச் சாலையில் கூரைப் பலகைகளைத் தாங்க எபாக்சியால் பதித்த நங்கூர போல்ட்டுகள் இப்படித்தான், நிலையான சுமையிலேயே மெல்ல நழுவிக் கழன்றன. பலகைகள் காரின்மேல் விழுந்து ஒரு பெண் இறந்தார். அந்த எபாக்சி குறுகிய காலச் சுமையைத் தாங்கக்கூடியதுதான். அதனால் 12.5 மி.மீ. துண்டில் கிடைத்த எண்ணை வடிவமைப்புக்கு எடுக்காதீர்கள். உங்கள் நீளத்தில், உங்கள் சுமையில், ஈரத்தில் ஊறவைத்த துண்டுகளையும் சேர்த்து அயர்வுச் சோதனை (சுமையைத் திரும்பத் திரும்ப ஏற்றி இறக்கிப் பார்ப்பது) செய்யுங்கள்.

ஈரத்தை ஏன் சொல்கிறேன் என்றால், 1988-இல் அலோஹா ஏர்லைன்ஸ் விமானத்தின் மேற்கூரை நடுவானில் பிய்ந்தது அதனால்தான். தகட்டு இணைப்பின் பசை ஈரத்தாலும் அரிப்பாலும் விட்டுப்போக, சுமை முழுக்க ரிவெட்டுகளுக்குப் போய், துளையோரங்களில் அயர்வு விரிசல் கண்டது. பசை நல்லதாக இருந்தும் தகட்டின் பரப்பைச் சரியாகத் தயார் செய்யாவிட்டால் இதே கதிதான். மீயொலிச் சோதனை (காதுக்குக் கேட்காத ஒலியலையால் உள்ளே பார்ப்பது) பசையில் உள்ள இடைவெளியைக் காட்டும், பலவீனமாகப் பிடித்திருப்பதைக் காட்டாது.

சரி, அயர்வுச் சோதனைக்கு முன் ஒரு வேலை. ஏற்கெனவே உடைந்த துண்டுகளைத் திருப்பிப் பாருங்கள். இரண்டு பக்கமும் பசை ஒட்டியிருந்தால் தொடரலாம். ஒரு பக்கம் வெறும் உலோகம் தெரிந்தால், பரப்புத் தயாரிப்பிலிருந்து மறுபடி ஆரம்பியுங்கள்.